மாப்பிள்ளையைக் காணோம்

அத்தியாயம் 4

கோபத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாயில் எதையும் மென்றுகொண்டு போகக்கூடாது. இது ஓட்டிஸ் ப்ளெட்சோவுக்கும் தெரியும். ஆனால் ஊரே வறுத்த கடலை வாசனையில் மிதக்கும்போது மனுஷன் என்னதான் செய்வான்? போன செவ்வாய்க்கிழமை ப்ளம் க்ரீக்கின் கடலை மில்லில் தீப்பிடித்து, பாதி மில்லும் நாற்பது டன் நிலக்கடலையும் எரிந்துபோயின. நல்லவேளை, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு நாளாகியும் அந்த வாசனை போகவில்லை. வரும் வழியிலேயே ஓட்டிஸ் இரண்டு பாக்கெட் கடலை வாங்கிவிட்டான்.

"துப்பு துலக்க வந்தியா, மேட்ச் பாக்க வந்தியா?" என்று கேட்டார் மேவிஸ் கின்கேட், நகரசபைப் படிகளில் ஏறிக்கொண்டே.

"சாட்சியோட பழகிப் பாக்கறேன் மேடம்."

மேவிஸ் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சாம்பலைக் கிளறிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அம்மாள் அவர். ஓட்டிஸ் அவருடைய டிரைவர், உதவியாளர், அவர் சிரிக்காத ஜோக்குகளுக்கு மொத்த வியாபாரி.

வெண்டெல் ஸ்ட்ரவுட்டின் அறைக் கதவு திறந்தே இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து, தலைவராக ஓய்வு பெற்று நாலு வாரம்தான் ஆகிறது. மனுஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்து பெண்டாட்டியைப் படுத்துவார் என்று பயந்து, காலியாக இருந்த நகரசபை நாற்காலி ஒன்றில் அவரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பட்டப்பகலில், ஜன்னலில் ஓக்லஹோமா வெயில் கொட்டிக் கிடக்க, மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். குட்டையான பித்தளை விளக்கு. வால்நட் மரப் பீடம், பல்பின் மேல் கவிழ்த்த பழுப்பு நிறக் கூடை. எழுதுகிற கை போக மிச்சமிருந்த கை அதைத் தடவிக்கொண்டே இருந்தது.

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு தீர்மானம். ஃபோர்ட் ஹாலிடன் ராணுவத் தளத்துக்கும் ப்ளம் க்ரீக் நகரத்துக்கும் இடையிலான தீயணைப்பு உதவி ஒப்பந்தத்தை இன்றோடு ரத்து செய்ய வேண்டும் என்று.

அந்த ஒப்பந்தத்துக்கும் வயது முப்பத்தொன்று. தளத்துப் பக்கம் புல்வெளி எரிந்தால் ஊர் வண்டி போகும், ஊரில் கூரை எரிந்தால் தளத்து வண்டி வரும். மணி அடித்தால் யார் வீடு என்று கேட்கக்கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். அதில் ஒரே ஒரு சங்கடம். தளத்து ஹோஸின் மரை ஒரு அளவு, ஊர்த் தண்ணீர்க்குழாயின் மரை வேறு அளவு. ஒன்றில் ஒன்று ஏறாது. அதனால் ஒரு பித்தளை இணைப்பை வார்த்து வைத்திருந்தார்கள். ஒரு முனை தளத்துக்குப் பொருந்தும், மறு முனை ஊருக்குப் பொருந்தும். இரண்டு பக்கத்துத் தீயணைப்புக்காரர்களும் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் பொருந்திக்கொள்ள வேண்டியவர். வருஷத்தில் இரண்டு நாள் வேலை செய்வார். மீதி நாளெல்லாம் வண்டியில் மெத்தை வைத்த பெட்டிக்குள் மரியாதையாகப் படுத்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை ஊர் வண்டி மேற்கே புல் தீக்குப் போயிருந்த நேரம் பார்த்து மில் பற்றிக்கொண்டது. தளத்து வண்டி ஏழே நிமிஷத்தில் வந்துவிட்டது. டிரைவர் லொரெட்டா டோப்பா மாப்பிள்ளையைக் குழாயில் பூட்டித் தண்ணீரைத் திறந்தாள். மாப்பிள்ளை கழன்று பறந்தார். மறுபடி பூட்டினாள், மறுபடி பறந்தார். பாங்க் நனைந்தது, பத்திரிகைப் படக்காரர் நனைந்தார், ஜன்னல் திறந்திருந்த மேயரின் கார் நிரம்பியது. மில் மட்டும் நனையவில்லை. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

யாரோ வேண்டுமென்றே மரையை அரத்தால் ராவிவிட்டார்கள் என்று ராணுவ விசாரணை எழுதியது. பெட்டியின் சாவி லொரெட்டாவிடம் மட்டும்தான் இருந்தது. நகரசபை இன்று நாலு மணிக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்தால், நாலரைக்கு லொரெட்டாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகக் கர்னல் சொல்லிவிட்டார். அவளுக்கு இது பதினோராவது வருஷம். தளத்துத் தீயணைப்புத் தலைவர் ஹோய்ட் பாலர்டுக்கு மனசு கேட்காமல் நேற்று மேவிஸுக்குப் போன் செய்திருந்தார்.

"அந்தப் பொண்ணுதான் செஞ்சான்னு நீங்க நம்பறீங்களா சீஃப்?" மேவிஸ் நேராகவே கேட்டார்.

ஸ்ட்ரவுட் பேனாவை மூடினார். "நான் இருந்த வரைக்கும் ஒரு தடவகூட தண்ணி வராம இருந்ததில்ல, மிஸ் மேவிஸ். நான் போன மூணாவது வாரம் வரல. யாரோ சரியாப் பாத்துக்கலன்னுதானே அர்த்தம்? நம்ம வீடு எரியறப்ப கைவிடறவங்களோட எனக்கென்ன ஒப்பந்தம்?"

கோபம் மாதிரிதான் பேசினார். ஆனால் ஓட்டிஸ் கடலையை மெல்வதை நிறுத்திவிட்டான். அது கோபமில்லை, அந்த மனுஷருக்கு மனசு வலித்துக்கொண்டிருந்தது.

"விளக்கு நல்லாருக்கு," என்றார் மேவிஸ்.

"தளத்துப் பசங்க பிரிவு விருந்துல குடுத்தது." கையைச் சட்டென்று விளக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். "விளக்கு வேற, விஷயம் வேற."

தளத்து வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் ஓட்டிஸின் லைசென்ஸ் படத்தையும் முகத்தையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தான். படத்தில் இருப்பது தம்பி இல்லையே என்று கேட்டான். அது பதினைந்து கிலோவுக்கு முந்தைய தான்தான் என்று ஓட்டிஸ் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. மணி இரண்டேகால்.

ஹோய்ட் பாலர்ட் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டிக் கொட்டகையில் காத்திருந்தார். லொரெட்டாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த சாவியால் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மெத்தையில் மாப்பிள்ளை மணவறைக்குக் கிளம்பினவர் மாதிரி பளபளத்தார்.

"இவர் மூஞ்சியில நான் தலை சீவிக்கலாம் போலிருக்கே," என்றான் ஓட்டிஸ்.

"அதத்தான் நானும் பாக்கறேன்." மேவிஸ் இணைப்பைக் கையில் எடுத்துப் புரட்டினார். "யார் பாலிஷ் போட்டது?"

மெக்கானிக் டெல்பர்ட் ஷூமேட். வருஷத்துக்கு ஒரு தடவை போடுவாராம். அவரைக் கூப்பிட முடியுமா என்று மேவிஸ் கேட்க, பாலர்ட் உதட்டைப் பிதுக்கினார். மில் தீப்பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஷூமேட் மனைவியோடு அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்விட்டார். திமிங்கலம் பார்க்கிறார்கள். போனை மனைவி வாங்கிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டாளாம்.

"புத்திசாலிப் பொம்பள," என்ற மேவிஸ், விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவினார். "மிஸ்டர் பாலர்ட், ஒரு பொருளக் கெடுக்க நெனைக்கறவன் அதுக்கு எதுக்குப் பாலிஷ் போடறான்? அரத்தால ராவியிருந்தா கையில சொரசொரன்னு படும். இது பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு மாதிரி வழவழன்னு தேஞ்சிருக்கு. நெறைய பேர் நெறைய வருஷம் பொழங்கினது."

பாலர்ட் தலையை ஆட்டினார். அதற்கு வழியே இல்லை என்றார். வார்த்தது மொத்தம் இரண்டு. முதல் மாப்பிள்ளை இருபத்தெட்டு வருஷம் உழைத்துத் தேய்ந்து ஓய்வு பெற்றுவிட்டார். இது இரண்டாவது மாப்பிள்ளை, வேலைக்கு வந்து மூன்றே வருஷம்.

"மூணு வருஷத்துல இப்படித் தேயறதுன்னா, இவருக்கு வாய்ச்ச மாமியார் சரியில்ல," என்றான் ஓட்டிஸ்.

"மொதல் மாப்பிள்ள இப்ப எங்க?" என்று கேட்டார் மேவிஸ்.

"அது கணக்குலயே இல்ல மேடம். அத வச்சு ஷூமேட் ஒரு விளக்கு செஞ்சார். விருந்துல ஸ்ட்ரவுட்டுக்கு என் கையாலயே குடுத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அந்த ஆளுக்கு."

மேவிஸின் இடது புருவம் மெல்ல ஏறியது. அந்தப் புருவம் ஏறினால் பெட்ரோல் போட்டு வண்டியைத் தயாராக வைக்க வேண்டும் என்பது ஓட்டிஸின் அனுபவம்.  ஆனால் அவர் லொரெட்டாவைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

லொரெட்டா சமையலறையில் இருந்தாள். வண்டி ஓட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். சமைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெரிய பானையில் மாட்டிறைச்சிச் சில்லிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பூட்ஸும் ஹெல்மெட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வாசலருகே வைக்கப்பட்டிருந்தன. தீர்ப்பு வருவதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டிருந்தாள்.

"நான் ராவல மேடம்," என்றாள். கரண்டியை விடவில்லை. "ஆனா தப்பு என்னுதும்தான். தெனம் காலைல பெட்டியத் தெறந்து பாக்கணும். பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு, டிக் அடிச்சேன். ஒரு நாளாவது கைய உள்ள விட்டுப் பாத்திருந்தா அந்த மில்லு இன்னைக்கு இருந்திருக்கும்."

மேவிஸ் அவள் தோளை ஒரு தடவை தொட்டார். ஓட்டிஸுக்கு இந்த மாதிரி நேரங்களில் எங்கே பார்ப்பதென்று தெரியாது. அதனால் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு வாளி ஐஸ்க்ரீம்.

"போருக்குத் தயாராத்தான் இருக்காங்க மேடம்."

லொரெட்டாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. தீயணைப்பு நிலையத்தில் யார் என்ன தப்பு செய்தாலும் மற்றவர்களுக்கு ஐஸ்க்ரீம் வாங்கி வைக்க வேண்டும் என்றாள். ஹெல்மெட்டை மறந்தால் ஐஸ்க்ரீம். பத்திரிகையில் படம் வந்தால், அதுவும் தப்புதான், ஐஸ்க்ரீம். செய்தவர் தன் கையாலேயே கதவில் தொங்கும் பலகையில் எழுத வேண்டும். மழுப்பி எழுதினால் இரண்டு வாளி.

ஓட்டிஸ் பலகையைப் படிக்க ஆரம்பித்தான். பாலர்ட், ஸ்ட்ராபெரி, நிலைய வாசலை மோதியதற்கு. பாலர்ட், ஸ்ட்ராபெரி, மறுநாள் அதே வாசலை மோதியதற்கு. பாலர்ட் மீசையை அவசரமாகக் கவனிக்கத் தொடங்கினார்.

"விருந்து சமயத்துக்குப் போ, ஏப்ரல் கடைசி," என்றார் மேவிஸ்.

"ஏப்ரல் இருபத்தாறு. டோப்பா, சாக்லேட், அலாரம் அடிச்சப்ப பிஸ்கட்டக் கருக விட்டதுக்கு. அதே நாள், ஷூமேட், வனிலா." ஓட்டிஸ் நிறுத்தினான். பிறகு மெதுவாகப் படித்தான். "பாலிஷ் போட்ட ரெண்டு மாப்பிள்ளைங்களையும் ஒண்ணாத் தரையில உருட்டி விட்டதுக்கு."

 பாலர்ட் மீசையை விட்டுவிட்டார்.

"ராணுவ விசாரணை எத்தன பக்கம்?" என்று கேட்டார் மேவிஸ்.

"நூத்திப் பதினாறு."

"இந்தப் பலகை அதுல இருக்கா?"

"ஐஸ்க்ரீம் பலகைய யார் மேடம் விசாரிப்பா?"

"அதான் தப்பு. அறிக்கையில எல்லாரும் தன்னக் காப்பாத்திக்க எழுதறாங்க. இங்க ஒரு எடத்துலதான் செஞ்சத செஞ்சபடி எழுதறாங்க." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "லொரெட்டா, அடுப்ப அணைச்சிட்டு பூட்ஸ மாட்டு. மிஸ்டர் பாலர்ட், உங்க வண்டி வேணும், பெட்டியோட. ஓட்டிஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேடு."

"எதக் கழட்டப் போறோம்?"

"ஒரு பெரிய மனுஷனோட வெளிச்சத்த."

நகரசபை மண்டபத்தில் உட்கார இடமில்லை. கடைசி வரிசையில் கர்னல் டேனிங்கர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறை எட்டிப் பார்த்தது. மண்டபத்து விளக்கில் எழுத்து தெரியவில்லை என்று ஸ்ட்ரவுட் தன் மேஜை விளக்கையே தூக்கிக்கொண்டு வந்து, மேடையில் வைத்து, தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஓட்டிஸுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேவிஸ் அவன் காலை மிதித்தார்.

ஓட்டெடுப்புக்கு முன் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம் என்பது அங்கே வழக்கம். மேவிஸ் எழுந்து ஒலிபெருக்கி முன்னால் போனார்.

"எனக்கு மூணு நிமிஷம் எதுக்கு, ஒண்ணே போதும். போன செவ்வாய்க்கெழம வேலைக்கு வந்திருக்க வேண்டிய மாப்பிள்ள இந்த ஹாலுக்குள்ளதான் உக்காந்திருக்கார்."

மூன்றாவது வரிசையில் மேயரின் மருமகன் திடுக்கிட்டு எழுந்து, கடைக்கு லீவு சொல்லிவிட்டதாக முணுமுணுத்தார். அவர் மனைவி அவரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அவர் இல்ல," என்றார் மேவிஸ். "சீஃப், உங்க விளக்கோட பிளக்க கொஞ்சம் பிடுங்கறீங்களா?"

ஸ்ட்ரவுட் புரியாமல் பார்த்தார். பிறகு பிடுங்கினார். ஓட்டிஸ் மேடையேறிக் கூடையைக் கழற்றினான், பல்பு சொருகியிருந்த மரக்கட்டையைக் கழற்றினான், பீடத்தின் நாலு திருகாணிகளையும் கழற்றினான். ஷூமேட் நல்ல வேலைக்காரர். பித்தளையில் ஒரு ஓட்டைகூடப் போடாமல், நடுவே வயரை விட்டு விளக்காக்கியிருந்தார். கடைசியில் ஓட்டிஸின் கையில் மிஞ்சியது ஒரு பித்தளை இணைப்பு. தளத்துப் பெட்டியில் இருப்பதற்கு அச்சு அசல் இரட்டைப் பிறவி.

மண்டபம் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. தெருமுனைக் குழாயருகே தளத்து வண்டி நின்றது. மேவிஸ் முதலில் பெட்டியில் இருந்ததை லொரெட்டாவிடம் கொடுத்தார். அவள் பூட்டினாள். ஒன்றரைச் சுற்றிலேயே அது வெறுமனே சுழன்றது. அடுத்தது ஸ்ட்ரவுட்டின் விளக்கு. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கூட்டத்தில் யாரோ வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஏழாவது சுற்றில் கடக்கென்று இறுகி நின்றது. ஹோஸை மாட்டிவிட்டு லொரெட்டா பாலர்டைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். தண்ணீர் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பியது. மாப்பிள்ளை அசையவே இல்லை. காற்று திரும்பி, ஆறு நாளாக வெயிலில் காயவைத்திருந்த மேயரின் கார் ஜன்னலுக்குள் அத்தனையும் மறுபடி இறங்கியது.

"பிரசவ ஆஸ்பத்திரியில கொழந்த மாறின கதைதான் சீஃப்," என்றார் மேவிஸ், சத்தம் அடங்கியதும். "ஷூமேட் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பாலிஷ் போட்டார். ரெண்டும் கீழ உருண்டுது. எடுக்கறப்ப ஆள் மாறிப் போச்சு. கிழவர் வண்டிக்குப் போனார், வேலை செய்யறவர் உங்க மேஜைக்கு வந்தார். கிழவர்தான் விளக்காயிட்டாரேன்னு எல்லாருக்கும் நிச்சயம். அதனால பெட்டியில இருக்கறவர் யாருன்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. யாரும் யாரையும் கைவிடல. உங்கமேல இருந்த பாசத்துல நடந்த தப்பு இது."

 ஸ்ட்ரவுட் நனைந்த சட்டையோடு லொரெட்டாவிடம் போனார்.

"ஆறு நாளா இந்த வெளிச்சத்துல ஒக்காந்துதான் உங்களத் திட்டி எழுதிட்டிருந்தேன்," என்றார். "என்ன மன்னிச்சிடும்மா."

 லொரெட்டா குனிந்து, பெட்டியிலிருந்த தேய்ந்த மாப்பிள்ளையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதுதான் சீஃப் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது."

ஸ்ட்ரவுட் விரலை உள்ளே விட்டுத் தடவினார். அவர் முகம் இளகிப்போவதை ஓட்டிஸ் பார்த்தான். "இருபத்தெட்டு வருஷம்," என்றார் ஸ்ட்ரவுட். "இதுல பாதித் தேய்மானம் என் கையி."

கர்னல் டேனிங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். தன்னுடைய அறிக்கைக்கு ஒரு குற்றவாளி வேண்டுமே என்றார். அவர் அலாஸ்காவில் திமிங்கலம் பார்த்துக்கொண்டிருக்கிறார், வந்ததும் வனிலா வாங்குவார் என்று மேவிஸ் சொன்னார். கர்னல் உறையை எடுத்து நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றினார். ஸ்ட்ரவுட்டின் தீர்மானம் ஏற்கெனவே நனைந்து கூழாகிவிட்டிருந்தது. அதைப் பிரித்துப் படிக்க அவர் முயலவில்லை.

அன்று சாயங்காலம் தளத்துச் சமையலறையில் சில்லிப் பானை காலியான பிறகு குளிர்பெட்டிக் கதவு முன்னால் வரிசை நின்றது. லொரெட்டா முதலில் எழுதினாள். டோப்பா, சாக்லேட், கையை விட்டுப் பார்க்காமல் டிக் அடித்ததற்கு. அடுத்து வந்தவரை அந்தப் பலகையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அவர் எழுதி முடிக்க நேரமானது. ஸ்ட்ரவுட், பட்டர் பீகன், மாப்பிள்ளையை நாலு வாரம் வீட்டோடு வைத்துக்கொண்டதற்கு.

ஓட்டிஸ் இரண்டாவது கிண்ணத்தோடு கொட்டகைப் பக்கம் வந்தபோது லொரெட்டா வண்டியருகே நின்றிருந்தாள். அட்டைப்பெட்டியிலிருந்த ஹெல்மெட் பழைய இடத்தில் மாட்டியிருந்தது. அவள் மெத்தைப் பெட்டியைத் திறந்தாள், கையை உள்ளே விட்டு மரையை ஒரு முழுச் சுற்று தடவினாள், அப்புறம்தான் டிக் அடித்தாள்.